கடலோரத்தில் மனை, வீடு வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது என்னென்ன?

'பீச்சுக்கு நடந்தே போயிடலாம்', 'சீ வியூ பிளாட்', 'இன்னும் சில மனைகள் மட்டுமே'... ஈசிஆரில் வண்டியை எடுத்தால் திருவான்மியூரைத் தாண்டியதுமே இந்த போர்டுகள் கண்ணில் பட ஆரம்பித்துவிடும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டி, வில்லங்கம் இல்லை என்று தெரிந்ததும் பலர் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆனால், கடலோர நிலத்துக்கு அது மட்டும் போதாது. பத்திரமும் பட்டாவும் நிலம் யாருடையது என்பதைத்தான் சொல்லும். அதில் வீடு கட்டலாமா, கட்டினால் அந்த இடம் தாங்குமா என்பதை அவை சொல்லாது. இதையெல்லாம் வாங்குபவர்தான் தேடிப் பார்க்க வேண்டும். எங்கே, எப்படிப் பார்ப்பது?

மரடில் நடந்தது என்ன?

கேரளத்தில் கொச்சியை ஒட்டிய மரடில், காயல் ஓரமாக அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்ட 2006-ல் உள்ளாட்சி அமைப்பு அனுமதி கொடுத்தது. கடலோர மண்டல ஆணையத்தின் அனுமதி வாங்கப்படவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 மே மாதம் இடிக்க உத்தரவு வந்தது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் 4 குடியிருப்பு வளாகங்கள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. 300-க்கும் மேற்பட்ட வீடுகள் சில நொடிகளில் தரைமட்டமாகின.

வீடு வாங்கியவர்களிடம் கிரயப் பத்திரம் இருந்தது. முறையாகக் காசு கொடுத்துத்தான் வாங்கியிருந்தார்கள். ஆனாலும் வீடு மிஞ்சவில்லை. இடைக்கால இழப்பீடாகத் தலா 25 லட்சம் ரூபாய் வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டது. 'பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்' என்று யாராவது சொன்னால், மரடு நினைவுக்கு வரட்டும்.

சி.ஆர்.இசட். என்றால் என்ன?

கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்பதைத்தான் சுருக்கமாக சி.ஆர்.இசட். என்கிறார்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1991 பிப்ரவரி 19-ல் முதல் அறிவிக்கை வந்தது. பிறகு 2011, 2019 ஆண்டுகளில் புதிய அறிவிக்கைகள் வந்தன.

கடல் நீர் ஏறி வரும் உச்ச எல்லையை 'உயர் அலைக்கோடு' என்பார்கள். அங்கிருந்து நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை இந்த மண்டலம்தான். இதற்குள் நான்கு வகைகள் இருக்கின்றன.

முதல் வகை: மணல் மேடு, அலையாத்திக் காடு, ஆமைகள் முட்டையிடும் இடம், உப்பங்கழிச் சேறு போன்றவை. வீட்டு மனை என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை.

இரண்டாம் வகை: ஏற்கெனவே நகரமாக வளர்ந்துவிட்ட பகுதி. ஏற்கெனவே உள்ள சாலைக்கோ, அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாக மட்டுமே கட்டலாம். பழைய ரோட்டுக்குக் கடல் பக்கமாக மனை போடுபவர் புதுசாக ஒரு ரோடு போட்டால், அது கணக்கில் வராது.

மூன்றாம் வகை: கிராமப்புறக் கடலோரம். 2011 விதிப்படி உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை. மீனவர் போன்ற பாரம்பரியக் கடலோர மக்களின் குடியிருப்புகளுக்கு மட்டும் 100 முதல் 200 மீட்டருக்குள் விதிவிலக்கு உண்டு. 2019 விதியில், சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் பகுதிகளில் இந்தத் தடை 50 மீட்டராகக் குறைக்கப்பட்டது. மற்ற இடங்களில் 200 மீட்டர்தான்.

நான்காம் வகை: கடல், கழி, முகத்துவாரம் என நீர்ப்பரப்பு.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். 2019 விதியின் சலுகை ஒரு இடத்துக்குப் பொருந்த வேண்டும் என்றால், அந்த விதிப்படி தயாரித்த கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். அதுவரை பழைய வரைபடம்தான் செல்லும். '50 மீட்டர் விட்டா போதும் சார்' என்று சொன்னால், 'எந்த வரைபடப்படி?' என்று திருப்பிக் கேளுங்கள்.

கடலே கண்ணில் படலையே, நமக்கு எதுக்கு?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடல் ஓதம் ஏறி இறங்கும் கழி, ஆறு, கால்வாய்களின் கரைக்கும் இதே விதி உண்டு. முட்டுக்காடு கழி, பக்கிங்காம் கால்வாய், கோவளம் பக்கத்துக் கழிவெளி எல்லாம் இதில் வரும். 2011 விதியில் 100 மீட்டர் அல்லது நீர்வழியின் அகலம், 2019 விதியில் 50 மீட்டர் அல்லது அகலம், இரண்டில் எது குறைவோ அது எல்லை. அதனால் ஈசிஆருக்கு மேற்கே, கால்வாயைப் பார்த்தபடி இருக்கும் மனைக்கும் சி.ஆர்.இசட். பார்த்தே ஆக வேண்டும்.

எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் வாங்குங்கள். அதைத் தர புரோக்கர் தயங்கினால் அங்கேயே நின்றுவிடலாம்.

அடுத்து, அரசின் இ-சேவை தளத்தில் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் எடுங்கள். அ-பதிவேட்டில் 'புறம்போக்கு' என்று இருந்தால் அது அரசு நிலம். பதிவுத்துறை தளத்தில் வில்லங்கச் சான்றிதழை முடிந்த அளவு பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, அந்த சர்வே எண் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் எந்த வகையில் வருகிறது என்று பாருங்கள். மாநில கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் சுற்றுச்சூழல் துறையின் கீழ் இருக்கிறது. மனை எல்லையை ஒட்டி இருந்தால், அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட அமைப்பிடம் 1:4000 அளவில் உயர் அலைக்கோடு குறித்த வரைபடம் வாங்குவதுதான் பாதுகாப்பு. செல்போனில் தூரத்தை அளந்து பார்ப்பது இதற்கு ஈடாகாது.

நான்காவது, நிலப் பயன்பாடு. சென்னைப் பெருநகரப் பகுதி என்றால் சிஎம்டிஏ, மற்ற இடங்களில் டிடிசிபி. குடியிருப்பா, விவசாயமா, நிறுவனப் பகுதியா என்று பாருங்கள். ஈசிஆரின் தொடக்கப் பகுதியை சிஎம்டிஏ 'நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதி' என்று குறித்திருக்கிறது. எவ்வளவு கட்டலாம் என்பதற்கு அங்கே தனிக் கட்டுப்பாடு உண்டு.

மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரெரா பதிவு எண்ணையும் கேளுங்கள்.

மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கமா?

மாமல்லபுரத்தில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் கட்ட அனுமதி வாங்க வேண்டும். கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை வளர்ச்சிக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. சி.ஆர்.இசட். சிக்கல் இல்லாத மனைகூட இதில் மாட்டலாம்.

கடல் எவ்வளவு தூரம் வரும்?

தமிழகக் கரையோரம் மணல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் துறைமுகமோ, கடலுக்குள் நீளும் கல் சுவரோ வந்தால், தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு தெற்கே மெரினா அகலமானதும், வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் உள்ளே வந்ததும் இப்படித்தான். புதுச்சேரியிலும் இதே கதைதான்.

அதனால், நீங்கள் வாங்கும் இடத்துக்குத் தெற்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். புதிதாகக் கல் சுவர் போட்டிருக்கிறார்களா? கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஒரே இடத்தின் படத்தை வருடம் வருடமாகப் பார்த்தால், கரை எந்தப் பக்கம் நகர்கிறது என்பது ஓரளவு புரிந்துவிடும்.

சுனாமி, புயல் அலை போன்ற ஆபத்துகளை ஒருங்கிணைத்த வரைபடங்களை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் தயாரித்திருக்கிறது. அதோடு ஊர்க்காரர்களிடமும் விசாரியுங்கள். 2004 சுனாமியில் தண்ணி எது வரைக்கும் வந்துச்சு? 2016 வர்தா, 2022 மாண்டஸ், 2023 மிக்ஜாம் நேரத்தில் இந்தத் தெருவில் எத்தனை நாள் தண்ணி நின்னுச்சு? ரோடு எப்போ திறந்தாங்க? இதற்கான பதில் எந்த போர்டிலும் இருக்காது.

தண்ணீரும் அக்கம்பக்கமும்

கடலோர மணலில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு அடுக்காக நிற்கும். சுற்றிலும் எல்லோரும் ஆழமாக போர் போட்டு உறிஞ்சினால் உப்பு மேலே ஏறும். கோடையில், அதாவது மே மாதத்தில், பக்கத்து வீட்டு போர் தண்ணீரை எடுத்து லேபில் கொடுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை ஏற்கலாம். அதையும் தாண்டினால் ஆயுசுக்கும் லாரித் தண்ணிதான்.

'பிரைவேட் பீச்' என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். படகு ஏற்றவும், வலை உலர்த்தவும், மீன் காய வைக்கவும் குப்பத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் இடம் அது. அதை அடைத்து வேலி போட்டால் தகராறும் வழக்கும்தான் மிஞ்சும். பாதை எது, படகு எங்கே நிற்கும், முகத்துவாரம் எந்தப் பக்கம் திறக்கும் என்று குப்பத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத மனையாகப் பார்ப்பது இருவருக்கும் நல்லது.

பேங்க் லோன் கிடைச்சா போதாதா? இன்சூரன்ஸ் இருக்கே?

வங்கியின் சட்ட ஆய்வு பெரும்பாலும் உரிமை, வில்லங்கம், திட்ட அனுமதியைச் சுற்றியே இருக்கும். லோன் சேங்ஷன் ஆனது சி.ஆர்.இசட். அனுமதிக்கு ஆதாரம் கிடையாது.

இன்சூரன்ஸிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் விற்கப்படும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் புயல், சுனாமி, வெள்ளம் எல்லாம் உண்டு. நிலம் உள்வாங்கினாலும் இழப்பீடு உண்டு. ஆனால், கடல் அரிப்பால் நிலம் உள்வாங்கினால் கிடையாது என்று அதே பாலிசியில் இருக்கிறது. கரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வீடு போனால், அந்த நஷ்டம் உங்கள் தலையில்தான்.

அட்வான்ஸுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

* பட்டா, அ-பதிவேடு, புலப்படம், வில்லங்கச் சான்றிதழ்
* சர்வே எண் எந்த சி.ஆர்.இசட். வகையில் வருகிறது என்பதற்கான வரைபடம்
* சிஎம்டிஏ அல்லது டிடிசிபி நிலப் பயன்பாட்டு விவரம், மனைப்பிரிவு அனுமதி எண், தேவைப்பட்டால் ரெரா எண்
* கட்டிய வீடு என்றால் கட்டட அனுமதியும் சி.ஆர்.இசட். அனுமதியும், இரண்டும் தனித்தனியாக
* கோடைக்காலத் தண்ணீர் பரிசோதனை முடிவு

இவை கைக்கு வர நாளாகும். 'அதுவரை டோக்கன் அட்வான்ஸ் மட்டும் போடுங்க' என்று கேட்டால், 'சி.ஆர்.இசட். அல்லது நிலப் பயன்பாட்டுத் தடை தெரியவந்தால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்' என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆவணம் சுத்தமாக வைத்திருப்பவர் இதில் கையெழுத்துப் போடத் தயங்க மாட்டார். தயங்கினால், காரணம் தெரியும் வரை பணத்தை எடுக்காதீர்கள்.