எலி மருந்து உயிர் காத்த கதை

"சார், நான் சாப்பிடுகிற மாத்திரை எலி மருந்தாமே?" ஏரியூரில் எங்கள் தெருவில் வாழும் ஓர் அம்மையார் ஒரு நாள் இப்படிக் கேட்டார். இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர் அவர். யாரோ சொன்னதை நம்பி, இரண்டு நாட்களாக வார்ஃபரின் மாத்திரையை நிறுத்தியிருந்தார். உடனே அவருடைய டாக்டரிடம் பேசச் செய்தேன். அவர் கேள்விப்பட்டது பொய்யன்று. ஆனால் பாதிக் கதைதான். மீதியையும் காண்போம்.

1920-களில் வட அமெரிக்காவில் மாடுகள் சிறு காயத்திலும் இரத்தம் நிற்காமல் மடிந்தன. பூஞ்சணம் பிடித்த 'ஸ்வீட் குளோவர்' என்னும் தீவனமே காரணம் எனக் கனடாவின் கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு கண்டறிந்தார். 1933 பிப்ரவரியில், பனிப்புயலுக்கிடையே ஒரு விவசாயி, உறையாத இரத்தம் நிறைந்த பால் கேனுடன் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திற்கு வந்து சேர்ந்தார். அங்கே கார்ல் பால் லிங்க் என்னும் வேதியியலறிஞரின் குழு ஆறாண்டுகள் உழைத்து, 1939-இல் அந்த நச்சுப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தது. அதுவே டைகுமரால்.

அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1951-இல் அமெரிக்கப் படைவீரர் ஒருவர் அதை ஏராளமாக விழுங்கிவிட்டார். வைட்டமின் கே முதலிய சிகிச்சையால் பிழைத்துக்கொண்டார். மாற்று மருந்து உண்டு என்பது தெளிவானதும் துணிவு பிறந்தது. 1954-இல் வார்ஃபரின் மனிதர்களுக்கான மருந்தாயிற்று.

'இரத்தத்தை மெலிவாக்கும் மருந்து' என்பது வழக்குச் சொல்தான். இரத்தத்தின் பாகுநிலையை இது மாற்றுவதில்லை. இரத்தத்தை உறையச் செய்யும் புரதங்கள் சிலவற்றைக் கல்லீரல் ஆக்குவதற்கு வைட்டமின் கே தேவை. அதைத்தான் வார்ஃபரின் தடுக்கிறது.

இனி வால்வுக்கு வருவோம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் குழுவினர் உருவாக்கிய இந்திய வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. நிமிடத்திற்கு 70 துடிப்பு என்றால், வால்வு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை திறந்து மூடும். இத்தகைய அயற்பொருளின்மீது இரத்தம் உறையக்கூடும். உறைந்த துணுக்கு மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். ஆகவேதான் இவ்வகை வால்வு உள்ளவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் மாத்திரை தேவைப்படுகிறது.

அளவு குறைந்தால் உறைவு. மிகுந்தால் இரத்தக் கசிவு. எப்படி அளப்பது? முன்பு ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் வெவ்வேறு வினைப்பொருளைப் பயன்படுத்தியதால், ஒரே இரத்தத்திற்கு வெவ்வேறு விடை கிடைத்தது. பொது அலகு இல்லாத அளவீடு பயன்படுமா? 1983-இல் உலகச் சுகாதார நிறுவனம் ஐ.என்.ஆர். என்னும் பொது அளவை வகுத்தது. மருந்தில்லாத உடலில் இது ஏறத்தாழ 1. பலருக்கு 2 முதல் 3 வரை குறிக்கோள். வால்வைப் பொறுத்துச் சிலருக்குச் சற்றுக் கூடுதல்.

"அப்படியானால் கீரையை விட்டுவிடட்டுமா?" என்றார் அம்மையார். வேண்டியதில்லை. கீரையில் வைட்டமின் கே மிகுதி; ஆகவே ஒரு வாரம் நிறைய, மறுவாரம் ஒன்றுமில்லை என்றில்லாமல், எப்போதும் ஒரே அளவில் உண்பதே முறை. தலைவலிக்கு ஆஸ்பிரினோ நாட்டு மருந்தோ தாமாக உண்ணலாகாது. ஒரு வேளை தவறினால் மறுநாள் இரட்டிப்பாக விழுங்கலாகாது. பல் பிடுங்கும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கருவுறுதல் பற்றி முன்கூட்டியே ஆலோசிக்க வேண்டும். மலம் கறுத்தாலோ, தலையில் அடிபட்டாலோ உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

எலியைக் கொல்வதும் மனிதரைக் காப்பதும் ஒரே பொருள்தான். வேறுபாடு அளவில் இருக்கிறது. அந்த அம்மையார் இப்போது ஐ.என்.ஆர். எண்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டுக் குறித்து வருகிறார்.