மாளிகைமேடு: மண்ணடியில் ஒரு சோழர் கோயில்

கங்கைகொண்ட சோழபுரத்திற்கு வருவோருள் பெரும்பாலோர் பெரிய கோயிலைக் கண்ட அளவில் திரும்பிவிடுகின்றனர். அதற்குத் தென்மேற்கே ஏறத்தாழ 2 கி.மீ. தொலைவில், முந்திரித் தோப்புகளுக்கு அப்பால் உள்ள மாளிகைமேடு என்னும் சிற்றூரை நாடிச் செல்வோர் மிகச் சிலரே. முதலாம் இராசேந்திரன் காலந்தொட்டு 1279 வரை, ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர் தலைநகராக விளங்கிய மாநகரின் அரண்மனை இருந்த இடம் அதுவே. அவ்வூரை நேரில் கண்டு எழுந்த சில கருத்துகளைக் கல்வெட்டுச் சான்றுகளோடு பொருத்திப் பார்க்க இக்கட்டுரை முற்படுகின்றது. இவ்வரண்மனை மறைந்தமைக்கு வழக்கமாகக் கூறப்பெறும் காரணம் போதுமானதா என்பதே இங்கு முதன்மையான வினா.

களத்தில் கண்டவை

மாளிகைமேட்டில் நிமிர்ந்து நிற்கும் கட்டடம் எதுவும் இல்லை. அகழ்ந்த குழிகளும், அவற்றுள் வரிசை வரிசையாகத் தெரியும் செங்கற் சுவர்களின் அடிப்பகுதியும், மேலே வெயிலையும் மழையையும் தடுக்க வேய்ந்த கூரையுமே காட்சி தருகின்றன. குழிகளைச் சுற்றியுள்ள மண்ணில் ஓட்டுச் சில்லுகள் காலில் இடறுகின்றன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1980களில் பலமுறை அகழ்ந்தது. 2021இல் மீண்டும் அகழாய்வைத் தொடங்கியது. சுட்ட செங்கற் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், தந்தப் பொருள்கள், சீனப் பீங்கான் ஓடுகள் ஆகியன கிடைத்துள்ளன.

இவற்றுள் ஆணிக்கும் ஓட்டுக்குமே யாம் முதலிடம் தருவோம். கருங்கல் தாங்குதளத்தின்மேல் மரத்தூண் நிறுத்தி, செங்கலும் சுண்ணாம்பும் கொண்டு சுவர் எழுப்பி, சிறிய தட்டை ஓடுகளை அடுக்கடுக்காகப் பாவிக் கூரை அமைத்தனர் என்பதை அவையே உணர்த்துகின்றன. இறைவனுக்குக் கல்லால் எடுத்தவர்கள் தமக்கு மரத்தாலும் செங்கல்லாலுமே எடுத்துக்கொண்டனர். சோழர் அரண்மனை ஒன்றேனும் இன்று நின்ற நிலையில் இல்லாமைக்குரிய அடிப்படைக் காரணம் இதுவே எனலாம்.

கல்வெட்டில் மாளிகை

மண்ணடியில் புதைந்ததைக் கல்வெட்டு ஓரளவு மீட்டுத் தருகின்றது. வீரராசேந்திரன் (1063–1070) காலக் கல்வெட்டு இவ்வரண்மனையைச் ‘சோழகேரளன் திருமாளிகை’ எனக் குறிக்கின்றது. அங்கிருந்த அரச இருக்கைக்கு ‘மாவலி வாணராசன்’ என்று பெயர். ‘ஆதிபூமி’, ‘கீழைச் சோபானம்’ எனக் கட்டடத்தின் பகுதிகளும் சுட்டப்பெறுகின்றன. ஆதிபூமி என்பது தரைத்தளம். அதனைத் தனித்துச் சுட்டவேண்டிய தேவை மேல்தளமுடைய கட்டடத்திற்கே எழும். எனவே இது பல தளங்கள் கொண்ட மாளிகை என்று கருத இடமுண்டு. முதற் குலோத்துங்கனின் 49ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டோ ‘கங்கைகொண்டசோழன் மாளிகை’ என்கின்றது. பெயர்கள் இரண்டாதலின் மாளிகைகளும் இரண்டாக இருந்திருத்தல் கூடும்.

அரசன் உறைந்த இடத்தைக் ‘கோயில்’ என்றே அக்காலத்தார் வழங்கினர். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு, இராசராசன் தன் 26ஆம் ஆட்சியாண்டில் தஞ்சாவூர்க் கோயிலினுள் திருமஞ்சனசாலையில் இருந்தபோது ஆணையிட்டான் என்கின்றது. இங்குக் கோயில் என்றது அரண்மனையையே; இறைவன் கோயில் அக்கல்வெட்டில் ‘ஸ்ரீராசராசீசுவரம்’ எனத் தனிப்பெயர் பெறுகின்றது. கோ வாழ்ந்த இல் மண்ணோடு மண்ணானபின் அச்சொல் இறைவனுக்கே உரியதாக நிலைத்துவிட்டது. மாளிகைமேட்டுப் பெரியவர் ஒருவரிடம் ‘கோயில்’ பற்றி வினவியபோது, அவர் தயங்காமல் வடகிழக்கே விமானத்தைச் சுட்டினார்.

அழிவு பற்றி

பாண்டியர் படையெடுப்பால் நகரும் அரண்மனையும் அழிந்தன என்பது பரவலான கருத்து. மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டு மாளிகைகளை இடித்தமை மறுக்கவியலாதது. ஆயின் அவன் மெய்க்கீர்த்தி எரியூட்டப்பட்டனவாகக் கூறும் நகரங்கள் தஞ்சையும் உறந்தையுமே. கங்கைகொண்ட சோழபுரம் அங்கு இடம்பெறவில்லை. அப்படையெடுப்பிற்குப் பின்னரும் இந்நகரில் சோழர் ஆட்சி இரண்டு தலைமுறை நீடித்தது. பகைவர் தீ ஒன்றையே காரணமாக்குவது வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும்.

மற்றொரு காரணம் நம் காலத்திற்கு அண்மையிலேயே உள்ளது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது பெரிய கோயிலின் சுற்றுமதிற் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. வழிபாடு நிகழ்ந்த கோயிலின் கல்லுக்கே இந்நிலை எனின், ஆளற்ற மேட்டின் செங்கல்லைக் காத்திருப்பார் யார்? முற்கூறிய பெரியவர், தம் இளமைக் காலத்தில் வீட்டுக்குக் கடைக்கால் எடுக்கும்போது அகலமான செங்கற்கள் கிடைக்குமென்றும், அவற்றையே மாட்டுக்கொட்டகைக்கும் கிணற்றுக்கும் பயன்படுத்தியதாகவும் இயல்பாகக் கூறினார். அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஏழை உழவனுக்கு அது நல்ல செங்கல், அவ்வளவே. தலைநகர் என்னும் தகுதி போனதும் மரம் மட்கியது, ஓடு சரிந்தது, செங்கல் தலைமுறை தலைமுறையாக வேறு சுவர்களுக்குப் பெயர்ந்தது என்று கொள்வதே பொருந்தும் எனத் தோன்றுகின்றது.

எனினும் ஊர்ப்பெயர்களை எவரும் பெயர்த்துச் செல்லவில்லை. உட்கோட்டை, மெய்க்காவல்புத்தூர், ஆயுதக்களம், சுண்ணாம்புக்குழி என அண்டையிலுள்ள பெயர்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் கோட்டை, காவற்படை, படைக்கலம், கட்டடப் பணி ஆகியவற்றின் இருப்பிடங்கள் ஓரளவு புலனாகின்றன. 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமான பெரிய கோயிலைப் பற்றி நூல்கள் பல உள. இச்சிற்றூர்களின் வயற்பெயர், குளப்பெயர், மேட்டுப்பெயர் ஆகியவற்றைத் தொகுக்கும் பணியோ தமிழ்த்துறைகளுக்கே உரியது. வயல்கள் மனைகளாக மாறுந்தோறும் அப்பெயர்கள் வழக்கொழியும். தொகுப்பினைப் பழைய நிலப்பதிவேடுகளிலிருந்து தொடங்கி, நிலத்தை உழுத முதியோரிடம் சரிபார்த்தல் நலம்.