ஒரு நூலும் ஓர் ஆசிரியரும்



நல்ல நூல் மனிதனை உருவாக்கும் என்பர். அஃது எவ்வாறு நிகழ்கிறது என்பதற்குப் பிரெஞ்சு நூல் ஒன்றின் வரலாற்றைச் சான்றாகக் கூறுகிறேன்.

1762-ஆம் ஆண்டில் ரூஸோ 'எமீல்' என்னும் நூலை வெளியிட்டார். எமீல் என்பது அதில் வரும் கற்பனைச் சிறுவனின் பெயர். குழந்தைக்கெனத் தனி இயல்பு உண்டு. சொற்களைத் திணிக்கும் முன் பொருள்களைக் காட்டுங்கள் என்பது அந்நூலின் சாரம். அதிலிருந்த சமயக் கருத்துகளுக்காகப் பாரிஸ் நகரத்து நீதிமன்றம் நூலை எரிக்க ஆணையிட்டது. ரூஸோ நாட்டை விட்டே ஓட நேர்ந்தது. அவர் பிறந்த ஜெனீவாவிலும் அது தீக்கிரையாயிற்று. ஆனால், படித்தவர் நெஞ்சில் பதிந்ததை நெருப்பு என்ன செய்ய இயலும்?

ஸ்விட்ஸர்லாந்தின் ஸூரிக் நகரில் பெஸ்டலாஸி என்னும் இளைஞர் அந்நூலில் உள்ளம் பறிகொடுத்தார். 1770-இல் பிறந்த தம் மகனுக்கு ரூஸோவின் பெயரையே சூட்டி, எமீலைப் போலவே வளர்க்க முற்பட்டார். 1774-இல் அவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் உள்ளது. மகன் எண்களின் பெயர்களை ஒப்பிக்கிறானேயன்றி அவற்றின் பொருளை அறியவில்லை என்று அதில் வருந்துகிறார். அவனை அவன் போக்கில் விட்டதும் முழுப் பயன் தரவில்லை. பதினொரு வயதாகியும் அச்சிறுவனுக்குச் செவ்வையாக எழுதப் படிக்க வரவில்லை.

பெஸ்டலாஸி நூலை வீசியெறியவில்லை, கண்மூடிப் பின்பற்றவுமில்லை. உரிமையோடு ஒழுங்கும், அறிவோடு அன்பும் வேண்டும் என்று தெளிந்தார். போரினால் ஆதரவிழந்த சிறுவர்களை 1799-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்டான்ஸ் என்னும் ஊரில் ஏற்று, அவர்களோடு உண்டு உறங்கிக் கற்பித்தார். பிற்காலத்தில் அவர் நடத்திய இவர்டன் பள்ளியை நாடி ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் ஆசிரியர்கள் வந்தனர். குழந்தைத் தோட்டப் பள்ளிகளைத் தோற்றுவித்த பிராபெல் அவர்களுள் ஒருவர்.

ஆசிரியப் பயிற்சியின்போது இவற்றையெல்லாம் நான் தேர்வுக்காகவே படித்தேன். வேலையேற்ற முதலாண்டில் ஒரு சிறுவன் ஏழாம் வாய்பாட்டைத் தங்குதடையின்றி ஒப்பித்தான். ஏழு பேருக்கு நான்கு நான்காகப் புளியங்கொட்டை கொடு என்றேன், திகைத்து நின்றான். நான் பிரம்பை எடுத்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. பெஸ்டலாஸியின் நாட்குறிப்பு நினைவுக்கு வந்தது. அவர் தம்மையே குறை கூறிக்கொண்ட இடத்தில் நான் அச்சிறுவனை அடித்திருந்தேன்! மறுநாள் அவனோடு தரையில் அமர்ந்து கொட்டைகளை எண்ணினேன். பொருள் விளங்கியதும் அவன் முகம் மலர்ந்தது. வகுப்பில் பிரம்பை நான் மீண்டும் எடுத்ததில்லை. தேர்வுக்குப் படித்த நூலை அன்றுதான் நான் உண்மையில் படித்தேன்.

இன்னுமொன்று சொல்ல வேண்டும். எமீலை எழுதிய ரூஸோ, தம் குழந்தைகள் ஐவரையும் ஆதரவற்றோர் இல்லத்தில் விட்டவர். நூலாசிரியன் செய்யத் தவறியதை வாசகன் செய்து காட்டினான் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

ஆதலின் மாணவர்களே, நூலைப் போற்றுங்கள். ஆனால், வாழ்க்கையில் வைத்துச் சோதியுங்கள். கொள்ளத்தக்கதைக் கொள்ளுங்கள், குறை கண்டால் திருத்துங்கள். நல்ல நூல் தன் வாசகனிடம் வேண்டுவது அதுவே.