14,000 பேர் பார்த்த கூடு

ஒஸ்பிரே மீனையே தின்னும் கழுகு. விரால் அடிப்பான் என்றும் சொல்வார்கள். வேட்டைக்காரர்களும் முட்டை சேகரிப்போரும் சேர்ந்து அதை ஸ்கொட்லாந்தில் இல்லாமல் ஆக்கினார்கள். 1916க்குப் பிறகு கூடே இல்லை. 1954இல் லொக் கார்டன் ஏரிப்பக்கம் ஒரு சோடி வந்து குஞ்சு பொரித்தது.

பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் ஜோர்ஜ் வாட்டர்ஸ்டன் இடத்தை இரகசியமாக வைத்து, இரவு பகலாகக் காவல் போட்டார். அப்படியிருந்தும் 1958இல் ஓர் இரவு ஒருவன் மரமேறிவிட்டான். காவலுக்கு நின்றவர்கள் துரத்த, முட்டைகள் மரத்தடியில் உடைந்து கிடந்தன. கூட்டில் இருந்தது என்ன தெரியுமா? சப்பாத்துப் பொலிஷ் பூசிய கோழி முட்டைகள்! அவ்வளவு திட்டமிட்ட களவு.

மற்றவராக இருந்தால் இன்னும் ஒளித்திருப்பார். வாட்டர்ஸ்டன் 1959இல் ஊருக்கே சொன்னார். மரத்தில் முள்கம்பி, சுற்றிவர நுழையத் தடை. ஆனால் தள்ளி ஒரு மறைப்புக் கொட்டில், தொலைநோக்கி, வந்து பாருங்கள் என்ற அழைப்பு. ஆள் கிட்டப் போனால் தாய் எழும்பிவிடும், முட்டை குளிர்ந்துவிடும். அந்தத் தூரத்தில் நின்றவர்களை அது கணக்கே எடுக்கவில்லை. இத்தனை கண்களுக்கு நடுவே களவெடுக்கவும் ஆள் வரவில்லை. அந்தக் கோடையில் சுமார் 14,000 பேர் வந்தார்கள். மூன்று குஞ்சுகள் பறந்தன.

அந்தக் காடு இப்போது கெயார்ன்கோர்ம்ஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. பார்வையாளர் நிலையம் இன்றும் இயங்குகிறது.