சபா நாடகங்களில் நாயக சுபாவம்

சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், ஆழ்வார்பேட்டை வட்டாரச் சபாக்களின் உறுப்பினர்களுக்காக மேடையேறிவந்த தமிழ் நாடகங்கள் பொதுவாக ‘சபா நாடகம்’ எனப்படுகின்றன. மயிலாப்பூர் ரசிக ரஞ்சனி சபா, ஜி.என். செட்டி சாலை வாணி மகால், ஆழ்வார்பேட்டை நாரத கான சபா போன்றவை இவற்றின் களங்கள். இந்த நாடகங்களில் கதையை நகர்த்துவது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் சம்பவம் அன்று, நாயகனின் சுபாவம். பயந்தவன், மறுக்கத் தெரியாதவன், நேர்மையில் விட்டுக்கொடுக்காதவன் என்று ஆளை முதலில் நிறுத்திவிட்டால், அவனுக்கு ஏற்ற சிக்கல் பின்னாலேயே வந்துவிடும்.

இதற்குக் கலைக் கொள்கையைவிட நடைமுறைதான் காரணம். நவாப் ராஜமாணிக்கம் போன்றோரின் தொழில்முறைக் கம்பெனிகள் தந்திரக் காட்சிகளாலும் பிரம்மாண்ட அரங்க அமைப்பாலும் கூட்டத்தைக் கட்டிப்போட்டன. சபாக் குழுக்களில் நடித்தவர்களோ பகலில் அலுவலகம் போகிறவர்கள். கே. பாலசந்தர் அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலக ஊழியர். சோ ராமசாமி வழக்கறிஞர். கிரேசி மோகன் பொறியியல் படித்து சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். ஒத்திகை மாலையில்தான். செட் என்றால் ஒரு ஹால், ஒரு சோபா, ஒரு டெலிபோன், உள்ளே போக ஒரு வாசல். அந்த ஹாலுக்குள் வெள்ளமும் போரும் வர முடியாது. வரக்கூடியது ஒரு மனிதனும் அவனுடைய குணமும்தான்.

முன்னோடி என்று பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’யைச் சொல்ல வேண்டும். 1891-ல் சுகுண விலாச சபாவைத் தொடங்கிப் படித்தவர்களை மேடையேற்றியவர் அவர். எஜமானன் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. வேலைக்காரன் சொன்னதைச் சொன்னபடியே, சொல்லுக்குச் சொல் செய்கிறவன். இந்த ஒரு குணம் போதும். எந்தக் கட்டளையைக் கொடுத்தாலும் ஒரு காட்சி கிடைத்துவிடுகிறது. 1941-ல் படமாக வந்தபோது காளி என். ரத்தினம் அந்த வேடத்தில் நடித்தார்.

ஆனந்த விகடனில் தேவன் எழுதிப் பின்னர் மேடைக்கும் வந்த துப்பறியும் சாம்பு இன்னும் விசித்திரமான வகை. துப்பறியும் கதைக்குக் கூர்மையான மூளை வேண்டும் என்பது உலக வழக்கம். சாம்பு வங்கிக் குமாஸ்தாவாக இருந்த அசடு. அவர் உளறினால் அது தடயம். தடுக்கி விழுந்தால் அங்கே திருடன். கதை வகைக்கு நேர் எதிரான சுபாவத்தை நாயகனுக்குக் கொடுத்து, அந்த முரணையே இயந்திரமாக்கியது தேவனின் சாமர்த்தியம். சாம்புவுக்கு ஒரே ஒரு கதையில் புத்தி வந்திருந்தாலும் தொடர் அங்கேயே நின்றிருக்கும்.

பாலசந்தரின் ‘மேஜர் சந்திரகாந்த்’ இந்த முறையின் உச்சம் எனலாம். பார்வையிழந்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியின் வீட்டுக்குள் தப்பியோடி வரும் மோகன் நுழைகிறான். தன் தங்கையை ஏமாற்றியவனைக் கொன்றுவிட்டு வந்தவன். அவன் பக்கத்து நியாயத்தைக் கேட்டு மேஜர் அடைக்கலம் தருகிறார். கொல்லப்பட்டவன் மேஜரின் இளைய மகன். துப்புத் துலக்குபவன் மூத்த மகன். இப்படிச் சொன்னால் தற்செயல்களின் மூட்டையாகத்தான் தெரியும், ஓரளவு அது உண்மையும்கூட. ஆனால் மேடையில் அது உறுத்தாததற்குக் காரணம் மேஜரின் இயல்பு. சந்தேகப் பேர்வழியாக இருந்திருந்தால் பத்தாம் நிமிடத்தில் போலீசுக்கு டெலிபோன் செய்திருப்பார், திரை விழுந்திருக்கும். வெறும் இளகிய மனதுக்காரராக இருந்திருந்தால் பிற்பகுதியில் அழுகை மட்டுமே மிஞ்சியிருக்கும். நியாயத்துக்காகச் சட்டத்தை மீறத் துணிந்த ஒழுங்குக்காரர் என்பதால்தான், அதே நியாயம் தன் மகனுக்கும் பொருந்துமா என்ற கேள்வி அவர்மேல் வந்து விழுகிறது. பார்வையின்மை கதைக்கு வசதி செய்துகொடுக்கிறது, அவ்வளவே.

‘எதிர் நீச்சல்’ இதற்கு எதிர்த்திசை. பல குடித்தனங்கள் இருக்கும் வீட்டில் மாடிப்படிக்கடியில் குடியிருக்கும் அநாதை மாது, எல்லோருக்கும் ஏவல் செய்துகொண்டே படிக்கிறவன். ‘முடியாது’ என்று சொல்ல அவனுக்கு வராது. ஆகவே கதை அவனிடமிருந்து கிளம்புவதில்லை. ஒவ்வொரு குடித்தனமும் ஒரு வேலையாக, ஒரு பழியாக அதைக் கொண்டுவந்து அவன் தலையில் இறக்குகிறது. இது 1968-ல் நாகேஷ் நடிக்கப் படமாயிற்று.

சோவின் ‘முகமது பின் துக்ளக்’ (1968) சுபாவத்தை நிலையாக வைக்கவில்லை. மக்களுக்குப் பாடம் புகட்டத் துக்ளக் வேடம் போட்ட மகாதேவனுக்குப் பதவி பிடித்துப்போகிறது. வேடத்தைக் கலைக்க அவன் மறுக்கிறான். இங்கே கதைதான் ஆளை மாற்றுகிறது. அரசியல் நையாண்டியாகவே இந்நாடகம் நினைவுகூரப்படுகிறது. கட்டமைப்பிலும் அது தனி ரகம்.

மந்தைவெளிவாசியான கிரேசி மோகன் ஒரே சுபாவத்தை வைத்துப் பல நாடகங்களை நடத்தினார். 1979-ல் தொடங்கிய கிரேசி கிரியேஷன்ஸ் குழுவின் நாயகன் பெயர் எப்போதும் மாது. நடித்தவர் தம்பி பாலாஜி. நாயகி பெயர் ஜானகி, அது மோகனைப் பள்ளி மேடையில் ஏற்றிய ஆசிரியையின் நினைவாக. மாது பயந்தாங்கொள்ளி. ஒரு சின்னப் பொய் சொல்வான். அதை மறைக்க இன்னொன்று. ‘சாக்லேட் கிருஷ்ண’னில் (2008) பகவானே இறங்கி வந்தும் அவன் தவிப்பு தீர்ந்தபாடில்லை. மாறாத நாயகனிடம் ரசிகர்கள் மாற்றத்தை எதிர்பார்க்கவில்லை. இந்தத் தடவை எதில் மாட்டிக்கொள்ளப் போகிறான் என்று பார்க்கவே வந்தார்கள்.

விதிவிலக்காகக் கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ நிற்கிறது. அத்திப்பட்டியின் வறட்சியே அதன் விசை. யாருடைய குணத்தை மாற்றி எழுதினாலும் அந்த ஊர்க் கிணற்றில் நீர் ஊறாது. அதையும் இதே சபா ரசிகர்கள் பார்த்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. பாலசந்தர் 1981-ல் அதைப் படமாக்கினார்.

பாத்திரங்களின் பிடி எவ்வளவு வலுவானது என்பதற்கு நடிகர்களின் பெயர்களே சாட்சி. சந்திரகாந்தாக நடித்த சுந்தரராஜன் கடைசிவரை ‘மேஜர்’ சுந்தரராஜன்தான். பாலாஜி ‘மாது’ பாலாஜி ஆனார். 1975-ல் ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் அறிமுகமான சிவாஜி ராவுக்குப் பாலசந்தர் சூட்டியதும் ‘மேஜர் சந்திரகாந்த்’திலிருந்து எடுத்த பெயர்: மேஜரின் மகன் ரஜினிகாந்த்.