கம்பியின் நீளமும் ஜோகூர்க் காட்டின் பாலும்

மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் ரப்பர் மரத்தைக் 'கித்தா மரம்' என்று வழங்கினர். பிசினையும் மரப்பாலையும் குறிக்கும் 'கெத்தா' என்னும் மலாய்ச் சொல்லின் திரிபே இது. ஆனால், பிரேசில் நாட்டு ரப்பர் மரம் இங்கு வருமுன்னரே, ஜோகூர்க் காடுகளில் பிறிதொரு மரத்தின் பால் உலக வாணிகத்தில் இடம் பெற்றிருந்தது. ஆங்கிலேயர் அதனைக் 'கட்டாபெர்ச்சா' என்றனர். மலாய்க்காரர் அம்மரத்தைத் 'தாபான்' என்பர். பள்ளிகளில் கற்பிக்கப்படும் மின்னியல் விதியொன்று ஆழ்கடலில் பயன் தந்தது இப்பாலின் துணையினாலேயாகும்.

கம்பி நீளுமளவிற்கு அதன் மின்தடையும் மிகும் என்பது அவ்விதி. உலோகமும் பருமனும் வெப்பநிலையும் மாறாதிருப்பின், இரு மடங்கு நீளமுள்ள கம்பி இரு மடங்கு தடை தரும். இதனை ஆய்ந்து நிறுவியவர் ஜெர்மனியில் கொலோன் நகரப் பள்ளியாசிரியராயிருந்த ஜியார்ஜ் சைமன் ஓம் ஆவார். 1826-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஒரே பருமனுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை அவர் பயன்படுத்தினார். அவற்றுட் குறுகியது 2 அங்குலம். நீண்டது 130 அங்குலம். அந்நாளைய மின்கலங்களின் ஆற்றல் ஒரு நிலையில் நில்லாது. ஆதலின் செம்பும் பிஸ்மத்தும் இணைந்த கருவியொன்றின் ஒரு மூட்டைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத மின்னோட்டம் பெற்றார். சுற்றின் ஏனைய பகுதிகளின் தடையையும் கூட்டிக் கணக்கிட்டமையே அவரது நுட்பம். தாய்நாட்டில் அவருக்குத் தக்க மதிப்புக் கிட்டவில்லை. 1841-இல் இலண்டன் இராயல் கழகம் காப்ளி பதக்கம் அளித்துச் சிறப்பித்தது.

அக்காலத்தில் தடைக்கென ஒரு பொது அலகு இல்லை. 'இத்தனை மைல் கம்பி' என்று நீளத்தாலேயே தடையைக் குறித்தனர். 1860-இல் வெர்னர் சீமென்ஸ் வகுத்த அலகும், 1 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உடைய பாதரசத் தம்பத்தின் தடையே. பின்னரே ஆசிரியர் ஓமின் பெயர் அலகின் பெயராயிற்று.

இவ்விதி கடலடியில் செல்லுபடியாக வேண்டுமாயின், கம்பியிலுள்ள மின்சாரம் நீரிற் கசிந்துவிடக் கூடாது. கசிந்தால் கரையில் அளக்கும் தடைக்கும் கம்பியின் நீளத்திற்கும் தொடர்பு அற்றுப்போகும். தகுந்த காப்புப் பொருள் மலாய்க் காட்டில் கிடைத்தது. 1843-இல் வில்லியம் மாண்ட்காமெரி என்னும் மருத்துவர் சிங்கப்பூரிலிருந்து கட்டாபெர்ச்சாவை இலண்டனுக்கு அனுப்பினார். சுடுநீரில் குழைந்து, ஆறியதும் இறுகி, கடல்நீரில் கெடாதிருப்பது அதன் இயல்பு. 1851-இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கடலடி வடத்தின் கம்பிகள் இப்பாலையே போர்த்திக்கொண்டிருந்தன.

இதனால் ஜோகூரின் நிலை உயர்ந்தது. சிங்கப்பூரில் தெலுக் பிளாங்காவில் வாழ்ந்த தெமெங்கோங் டாயிங் இப்ராகிம், காட்டில் திரட்டப்பட்ட பாலின் வாணிகத்தைப் பெரிதும் தம் கைக்குட் கொணர்ந்தார். காட்டை அறிந்த பழங்குடியினரும் மலாய்க்காரரும் மரம் தேடி உழைத்தனர். 1855-இல் ஜோகூரின் ஆட்சியுரிமை அவருக்கு உடன்படிக்கையால் உறுதியாயிற்று. அவருடைய செல்வாக்கிற்கு இவ்வருவாயும் ஒரு தூணாக நின்றது.

1858-இல் அட்லாண்டிக் மாகடலில் இட்ட வடம் சில வாரங்களிலேயே செயலற்றது. குறையுள்ள காப்பும், அதன்மீது செலுத்திய மிகுந்த மின்னழுத்தமும் அதற்குக் காரணங்கள். நீளத்தோடு தடையும் மின்தேக்கமும் ஒருங்கே மிகுதலால், செய்தியின் தாமதம் நீளத்தின் இருமடிக்கேற்ப வளரும் என்று வில்லியம் தாம்சன் முன்னரே காட்டியிருந்தார். முதல் வடத்தில் கடல் மைலுக்கு 107 ராத்தல் செம்பும் 261 ராத்தல் கட்டாபெர்ச்சாவும் இருந்தன. 1866-இல் வெற்றி கண்ட வடத்தில் அவை முறையே 300, 400 ராத்தலாயின. கம்பி பருத்ததனால் தடை தணிந்தது.

1871-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னையும் பினாங்கும் சிங்கப்பூரும் கடலடித் தந்தியால் இணைந்தன. சென்னைக்கும் பினாங்கிற்கும் இடையே மட்டும் வடத்தின் நீளம் சுமார் 1,400 கடல் மைல். இத்தகைய வடம் நடுக்கடலில் பழுதுற்றால் அவ்விடத்தை எங்ஙனம் அறிவது? ஓமின் விதியே வழிகாட்டும். மைலுக்கு 4 ஓம் தடையுள்ள வடம் ஒன்றில், கரையிலிருந்து பழுது வரை 800 ஓம் எனத் தெரிந்தால், பழுது 200 மைல் தொலைவில் உள்ளது. பழுதுற்ற இடத்திற்கும் தனித் தடை உண்டாதலின், இரு கரைகளிலிருந்தும் அளந்து அதனை நீக்குவர். பின்னர்க் கப்பல் அவ்விடஞ் சென்று வடத்தைத் தூக்கும்.

இவ்வெற்றிக்குக் காடு விலை கொடுத்தது. பாலெடுக்க மரத்தைக் கீறுவதோடு நில்லாமல், அடியோடு வீழ்த்தினர். ஒரு மரத்திலிருந்து கிடைத்ததோ சிறிதளவே. 1866-ஆம் ஆண்டு வடம் ஏறக்குறைய 1,850 கடல் மைல் நீளமுடையது. மைலுக்கு 400 ராத்தல் வீதம் கணக்கிட்டால், அதற்கு மட்டும் சுமார் 330 டன் கட்டாபெர்ச்சா தேவைப்பட்டது. சிங்கப்பூர்த் தீவில் முதலிலும், பின்னர்த் தீபகற்பத்தின் பல பகுதிகளிலும் முதிர்ந்த தாபான் மரங்கள் அருகின. 1885-இல் டச்சுக்காரர் சாவகத்தில் சிபெதிர் என்னுமிடத்தில் தோட்டம் வைத்தனர். பிற்காலத்தில் பாலிதீன் வந்து அப்பாலின் இடத்தைப் பெற்றது.

கம்பி நீளத் தடை வளர்ந்தது. அக்கம்பியைப் போர்த்த வீழ்ந்த மரங்களின் தொகையும் வளர்ந்தது. முன்னதைப் பாடநூல்கள் சொல்லும். ஜோகூர் மாணவர்க்கு அவ்விதியைக் கற்பிக்கும்பொழுது, பின்னதையும் உடன் சொல்லுதல் ஆசிரியர்க்குத் தகும்.