நீ, நீங்க, யூ: புதுச்சேரியிலிருந்து ஒரு முன்னிலைக் கதை

ஆங்கில இலக்கணம் படித்த யாருக்கும் அந்த அட்டவணை மறந்திருக்காது. யூ என்றால் நீ, ஹி என்றால் அவன், ஷி என்றால் அவள். ராகம் போட்டு ஒப்பித்திருப்போம். இதில் 'அவர்' எங்கே போனார் என்று நாம் கேட்டதில்லை. தலைமையாசிரியரைக் குறிக்கும் 'ஹி'யை 'அவன்' என்று மொழிபெயர்த்துப் பாருங்கள், முதுகு பழுத்துவிடும். சேரியிலிருந்து வரும் எழுபது வயதுப் பெரியவரை 'அவன்' என்றால் வகுப்பில் ஒரு சலனமும் இருக்காது. பெயருக்குப் பதிலாக வருவது பிரதிப்பெயர் என்கிறது பாடநூல். பெயருக்குப் பதிலா வருதா, சாதிக்குப் பதிலா வருதா?

ஆங்கிலத்தின் 'யூ' பிறவியிலேயே சமத்துவச் சொல் என்று நம்புவது அப்பாவித்தனம். அங்கும் கீழே இருப்பவனுக்கு 'தௌ', மேலே இருப்பவருக்கு 'யூ' என்ற வழக்கம் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் குவேக்கர்கள் நீதிபதியையும் பிரபுவையும் 'தௌ' என்றே விளித்து அடியும் வசையும் வாங்கினார்கள். ஒருவரைப் பன்மையில் அழைப்பது பிழை என்று நிறுவ ஜார்ஜ் ஃபாக்ஸும் தோழர்களும் 1660இல் ஒரு தனி நூலே போட்டார்கள். கடைசியில் நடந்தது வேறு. 'தௌ' பொதுவழக்கிலிருந்து மறைந்தது. எல்லோரும் 'யூ' ஆனார்கள்.

பிரெஞ்சுப் புரட்சி குவேக்கர்களின் வழியில் போகப் பார்த்தது. எல்லோரும் எல்லோரையும் 'த்யூ' (நீ) என்றே அழைக்க வேண்டும், 'வூ' (நீங்கள்) ஒழிய வேண்டும் என்ற கோரிக்கை 1793 அக்டோபர் 31இல் தேசிய மாமன்றத்துக்கு வந்தது. சட்டமாகவில்லை, ஆனாலும் அரசு அலுவல்கள்வரை 'த்யூ' பரவியது. புதுச்சேரிக்கு அது வந்து சேரவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டிலேயே நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது. 1816இல் திரும்பக் கிடைத்தபோது பிரான்சிலேயே மன்னராட்சி மீண்டிருந்தது, 'வூ'வும் மீண்டிருந்தது.

அடுத்து 1819 ஆணை. இந்தியர்கள் அவரவர் சாதியின் சட்டங்கள், வழக்கங்கள்படியே நடத்தப்படுவார்கள் என்றது அது. பெருந்தன்மை மாதிரி தெரியும். யார் யாரை 'வாடா' எனலாம், யார் யாரிடம் 'சாமி' என்று குனிய வேண்டும் என்பதும் அந்த 'வழக்கம்'தானே!

1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பியக் காலணியோடு நீதிமன்றத்துக்குள் போனார், தடுக்கப்பட்டார். பாரீஸ் உச்ச நீதிமன்றம்வரை போய் வென்றார். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து கையெழுத்திட்டவர்கள் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வந்தார்கள், புதிதாகக் குடும்பப் பெயரும் சூடினார்கள். அவர்கள்தான் ரெனோன்சான்கள். பொன்னுத்தம்பி 'லா போர்த்' (வாசல்) ஆனார். வாசல் திறந்தது, உள்ளே வேறொரு சுவர். 1884இல் வாக்காளர்களை ஐரோப்பியர், ரெனோன்சான், இந்தியர் என்று மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். பெயரை மாற்றிக்கொள்ள ஆணை இருந்தது. அந்தப் பெயருக்குப் பதிலாக அடுத்தவர் வாயில் வரும் சொல்லை மாற்ற எந்த ஆணையும் இல்லை.

இது சின்ன விஷயமில்லை. 1960 ஜூன் 30, காங்கோவின் விடுதலை நாள். பெல்ஜிய மன்னர் முன்னிலையில் லுமும்பா அடுக்கிய அவமானங்களில் ஒன்று, கறுப்பரை 'த்யூ' என்றும் வெள்ளையரை மட்டும் 'வூ' என்றும் அழைத்தது. நட்பில் சொன்ன 'த்யூ' அல்ல அது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

நம்மிடமும் அதே சிக்கல்தான். அம்மாவுக்கும் நீ, கடவுளுக்கும் நீ, பண்ணையாளுக்கும் நீ. முதல் இரண்டும் நெருக்கம்; மூன்றாவதில் திருப்பிச் சொல்லும் உரிமை கிடையாது. ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல்லே தவிர இலக்கண நெறி அல்ல என்று தொல்காப்பியமே ஒதுக்கிவைக்கிறது. ஆக, மரியாதையைப் பங்கு போட்டது இலக்கணம் அல்ல, ஊர்.

இதில் எழுதுகிறவர்களாகிய நமக்கும் பங்குண்டு. நம் மொழிபெயர்ப்புக் கதைகளை எடுத்துப் பாருங்கள். முதலாளியிடம் பேசும்போது 'நீங்கள்', வேலைக்காரியிடம் 'நீ'. அவர் வந்தார், அவள் வந்தாள். ஆங்கில மூலத்தில் இருவருக்கும் ஒரே 'யூ'. எழுதியவர் பிரிக்காததைப் பிரித்தது யாரு? நாமதான்.